வெள்ளிக்கிழமை எண்ணெய்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முழங்கால் வலியில் தொடங்குவோம். முடிக்கும்போது, முதன்முதலில் யார் எந்தக் காரில் ஏறினோம் என்பதில் வந்து நிற்போம். நீங்கள் எல்லாரும் ஏறிய கதையைச் சொல்கிறீர்கள். எனக்குக் காருக்கு அடியில் கிடந்த கதைதான் இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன். இடையில் வேறு எங்காவது போய்விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவள் நான்.

பஸ்ஸில் என்னால் இன்றைக்கும் சாய்ந்து உட்கார முடியாது. பள்ளத்தில் இறங்கும்போது பின்னால் 'டொக்' என்று கேட்டால் எழுந்துபோய்ச் சாரதியிடம் சொல்லிவிடுவேன். வாழைச்சேனையில் கருவாட்டு வாடியில் வேலை செய்த காலத்திலும், திருகோணமலையில் சமையலுக்கு நின்ற காலத்திலும், பதுளையில் மகளோடு ஒட்டிக்கொண்டிருந்த காலத்திலும் சொல்லியிருக்கிறேன். "தம்பி, பின் வில்லுக்குப் புஷ் போய்த்து." ஒருவன் கேட்டான், "ஆச்சி எந்தக் கராச்சில வேலை?" பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாலாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்த ஒரு பாடம் மட்டும் முழுதாகத் தெரியும்.

புஷ் என்றால் பெரிய சாமான் இல்லை. காரின் பின்பாரம் இரண்டு வில்லில் தங்குகிறது. தட்டையான இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வளைத்ததுதான் வில். அதன் நுனி மோதிரம்போல் சுருண்டிருக்கும். அதற்குள் ஒரு ஊசி ஓடும். ஊசிக்கும் இரும்புக்கும் நடுவே, கட்டைவிரல் நீளத்தில் ஒரு குழல். அதுதான் புஷ். ஒரு வில்லுக்கு முன்நுனியில் ஒன்று, பின்நுனிக் கொளுவியில் இரண்டு; இரண்டு வில்லுக்கும் மொத்தம் ஆறு. அது தேய்ந்தால் பின் அச்சுக்குப் பிடி இல்லை. முன்பக்கம் ஒரு வழி போக, பின்பக்கம் தன்பாட்டுக்கு இன்னொரு வழி போகும்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், பழுகாமத்துக்கும் அப்பால் ஒரு வயல் ஊர். அங்கே நிலக்காரரைப் போடியார் என்பார்கள். எங்கள் போடியாருக்கு நாலு வட்டை வயல், ஒரு பட்டி மாடு, ஆறு மாட்டுவண்டி, ஒரு கார். அப்பா அந்தக் காரின் சாரதி. போடியாருடைய வண்டிக் கொட்டிலின் ஒரு கோடியைத் தென்னோலைக் கிடுகால் அடைத்துக்கொண்டு அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் இருந்தோம். அதற்கு முன் அப்பா லொறி ஓட்டினார். லொறியைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. அதிலிருந்து மூன்று ஊர் மாறியாயிற்று. ஒவ்வொரு ஊரிலும் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள். சிலேட்டு தேய்வதற்குள் கிளம்பிவிடுவோம். வாத்திமாரும் எங்களைப் பார்த்த உடனேயே கண்டுபிடித்து, இடாப்பில் என் பெயரைப் பென்சிலால் எழுதுவார்கள். இந்த ஊரில்தான் மையால் எழுதினார்கள். மூன்றாம் வகுப்பில் சேர்ந்து நாலாம் வகுப்புவரை. ஒரே பள்ளிக்கூடத்து வாங்குப் பலகையில் முழு ஆண்டு இருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

கார் கறுப்பு. மலைநாட்டுத் தோட்டத்துரை ஒருவர் சண்டைக்குப் புறப்பட்டபோது விற்றுவிட்டுப் போனது. பின் சீட்டில் துரையின் நாய் மணம் இருந்தது. போடியார் பெண்சாதி மூன்று கிழமை, இருபத்தொரு நாள், மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். மழை நாட்களில் அந்த நாய் திரும்பி வந்துவிடும். பெற்றோல், ரெக்சீன், நெல்லுத் தூசு, மஞ்சள், நாய். கண்ணை மூடினால் இந்த வரிசையில்தான் எனக்கு மணக்கிறது. அந்தச் சீட்டில் போடியார் குடும்பத்தைத் தவிர யாரும் இருக்கக் கூடாது. நான் இருந்ததில்லை. அம்மாவும் இருந்ததில்லை. கார் கிளம்பாத நாட்களில் தள்ளுவதற்கு மட்டும் எங்களைக் கூப்பிடுவார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் போடியார் விடியவே முழுகி, நீறு பூசி, ஈர வேட்டியோடு கொட்டிலுக்கு வருவார். கையில் நீள மூக்குள்ள எண்ணெய்க் குடுவை. இலுப்பெண்ணெய். வண்டிகளுக்கு எண்ணெய் விடும் வேலையை அவர் எந்த வேலைக்காரனிடமும் கொடுத்ததில்லை. "எண்ட வண்டில் வாறது நாய்க்கும் கேக்காது" என்பார். அது உண்மை. மற்றப் போடிமாரின் வண்டி அரை மைலுக்கு அப்பாலேயே கிறீச்சிடும். இவருடையது வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் தெரியும். வண்டி முடித்து, மிச்சத்தை மாட்டுக் கொம்பில் தடவி, கடைசியாய்க் காருக்கு வருவார். தரையில் பாய் விரித்து மல்லாந்து படுத்து, உள்ளே நகர்ந்து, வில்லின் நுனி நுனியாக ஊற்றுவார். அவ்வளவு பெரிய மனிதர், ஊரே எழுந்து நிற்கும் மனிதர், ஒரு காருக்கு அடியில் கிடந்து தனக்குள் தேவாரம் முணுமுணுப்பார். அப்பா பாயின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார்.

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று.

பிறகு கார் ஆடத் தொடங்கியது. முதலில் லேசாக. வளைவில் பின்பக்கம் ஒரு கணம் பிந்தி வந்து சேரும். பிறகு நேர் வழியிலும். தூரத்திலிருந்து பார்த்தால் தாரா வாத்து நடப்பதுபோல இருக்கும். பள்ளிக்கூடத்தில் எனக்குத் தாரா என்று பெயர் வைத்தார்கள். நான் கரும்பலகைக்குப் போனால் பின்வாங்கிலிருந்து "குவாக், குவாக்." நான் ஒருத்தியின் சிலேட்டை உடைத்தேன். அதற்கு அடி வாங்கினேன். அடி பெரிதாக நோகவில்லை.

அப்பா குடிக்காதவர் என்று சொல்ல வரவில்லை. லொறிக் காலத்தில் குடித்தார். ஒரு முறை எங்களை மறந்து லொறியோடு போய்விட்டார். நானும் அம்மாவும் இரண்டு நாள் தெருவோரம் ஒரு மடத்தில் காத்திருந்தோம். படுவான்கரைக்கு வருமுன் அம்மா என் தலையில் அவர் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். அதன் பிறகு குடிக்கவில்லை. எனக்குத் தெரியும். என் தலையல்லவா? ஒவ்வொரு நாளும் அவர் கிட்ட வரும்போது நான் மணந்து பார்ப்பேன்.

ஆறு என்று நாங்கள் சொல்லும் வாவியைக் கடக்க ஒரு மிதவை இருந்தது. இரண்டு தோணியைச் சேர்த்துப் பலகை அடித்தது. அதற்கு எங்கள் பக்கம் 'பாதை' என்று பெயர். கார் ஏற இரண்டு பலகை போடுவார்கள். ஒரு நாள் போடியாரும் பெண்சாதியும் பட்டணத்துக்குப் புறப்பட்டார்கள். அம்மா பட்டணத்துக் கடைக்குக் கொடுக்க இரண்டு ஓலைப்பெட்டி இழைத்து வைத்திருந்தாள். அதை அப்பாவிடம் கொடுக்க நான் பின்னால் ஓடிப் போயிருந்தேன். கார் ஏறும்போது முன் சில்லு பலகையில் சரியாய்த்தான் போனது. பின்பக்கம் ஒரு குலுக்குக் குலுக்கி விலகி, வலப்பக்கச் சில்லு பலகையை விட்டு இறங்கியது. கார் சாய்ந்தது. போடியார் பெண்சாதி போட்ட சத்தத்துக்குக் கொக்குகள் எழும்பிப் போயின. பாதைக்காரர்கள் குதித்து, தோள் கொடுத்து, காரை நிமிர்த்தினார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை.

போடியார் இறங்கி வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றார்.

"வாயத் திற."

அப்பா திறக்கவில்லை.

"திறடா வாய!"

அப்பா வாயைத் திறந்தார். போடியார் குனிந்து மணந்தார். இருபது முப்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாட்டுச் சந்தையில் பல்லுப் பார்ப்பதுபோல என்று யாரோ சொல்ல, சிரிப்பு.

"போடியார், நான் குடிக்கல்ல."

"மணம் இல்லாமக் குடிக்க உனக்குத் தெரியும். குடிக்கல்லெண்டா கார் என்னத்துக்கு ஆடுது? எண்ட வண்டில் ஆடுதா? எண்ட மாடு ஆடுதா? நீ தொட்டது மட்டும் ஆடுது."

"கொக்கட்டிச்சோலைத் தேருக்கு நான் சம்சாரத்தோட போகணும். அதுக்குள்ள நேரா ஓட்டப் பழகு. இல்லாட்டி வேற ஆள் பாக்கிறன். கொட்டிலையும் காலி பண்ணு" என்றார் போடியார். பெட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டே நான் திரும்பி வந்துவிட்டேன்.

தேருக்கு ஐந்து கிழமை இருந்தது. எனக்கு வேறு கணக்கு. ஆண்டுச் சோதனைக்குப் பதினைந்து கிழமை.

அப்பா காரைக் கல்லில் ஏற்றி உள்ளே புகுந்தார். பார்த்துவிட்டு வெளியே வந்து, காட்டுப் பக்கம் போய் நெடுநேரம் நின்றார். பிறகு அவருக்கு லொறிக் காலத்தில் பழக்கமான காத்தான்குடி மேத்திரியாருக்கு ஆள் அனுப்பினார். முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்; நாங்களும் அவரைக் காக்கா என்போம். பட்டணத்தில் பட்டாள லொறிகளைத் திருத்திக்கொண்டிருந்தவர். ஒரு ஞாயிறு, தோணியேறி, சாக்கில் சாமான்களோடு வந்து சேர்ந்தார். அன்று போடியார் வயல் வட்டைக்குப் போயிருந்தார்.

காக்கா கொக்கியால் வில்லின் மோதிரத்துக்குள் தோண்டினார். கறுப்பாக, களிபோல ஒன்று வழிந்து வந்தது. அது ரப்பராக இருந்தது என்று சொன்னால் நம்ப முடியாது. விரலில் எடுத்து மணந்தார். காருக்கு அடியிலிருந்தே கத்தினார்.

"ஆருடா இதுக்கு எண்ணெய் வாத்த? யா அல்லாஹ்! இலுப்பெண்ணெய்! ரப்பருக்கு எண்ணெய் காட்டப்படாதெண்டு ஒரு மனிசருக்கும் தெரியாதா? கொலை, கொலை செய்து வெச்சிருக்கிறீங்க!"

"காக்கா, மெல்லமா" என்றார் அப்பா.

"என்ன மெல்லம்? எந்த எருமை வாத்ததெண்டு கேக்கிறன்."

"போடியார்."

காக்கா ஊர்ந்து வெளியே வந்தார். தாடியில் மண். அப்பாவை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"நீ பாத்துக்கிட்டா நிண்ட, தம்பி?"

"பாய் புடிச்சிக்கிட்டு நிண்டன்."

"உனக்குத் தெரியுந்தானே, ரப்பரெண்டு?"

தெரியும் என்று அப்பா தலையை ஆட்டினார்.

நானும் அம்மாவும் ஒரு மூலையில் குந்தியிருந்தோம். எனக்கு உடனே எல்லாம் நல்லதாய்ப் பட்டது. அப்பா குடிக்கவில்லை, கார் ஆடியதற்குக் காரணம் எண்ணெய், போடியாரிடம் போய்ச் சொன்னால் முடிந்தது. அதை நான் சொல்லியும் விட்டேன். மூன்று பெரியவர்களும் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"அவள் சொல்லுறது சரிதானே" என்றாள் அம்மா. "இஞ்ச பாருங்க, நீங்க போய்ப் பக்குவமாச் சொல்லுங்க."

"என்னெண்டு சொல்ல? உங்கட கையால வாத்து நீங்கதான் காரைக் கெடுத்தெண்டா? ஆத்துத் துறையில எண்ட வாயை மணந்த மனிசன்ட்ட? அவர் சபையில தலை குனியணும். மறுகா நம்மள வெச்சிருப்பாரா?"

"சொல்லாட்டியும் அனுப்புவார்தானே?"

"காரைத் திருத்தினா அனுப்ப மாட்டார்."

"திருத்தி?" என்றார் காக்கா. "அடுத்த வெள்ளிக்கு மறுகா வாப்பார். ஆறு மாசத்தில மறுகா தாரா. அதுவும் இப்ப ரப்பர் புஷ்ஸுக்கு எங்க போற? பட்டாளத்தில களவெடுத்தாத்தான் உண்டு. களவெடுத்தா எண்ட தலை போகும்."

பிறகு அப்பாதான் கேட்டார். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரிவதில்லை.

"காக்கா, எண்ணெய் வாத்தா நல்லதா இருக்கிற மாதிரி புஷ் போட ஏலாதா?"

காக்கா தாடியைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "வெண்கலத்தில போடலாம். பழைய லொறிக்கெல்லாம் வெண்கலந்தான். அதுக்கு எண்ணெய்தான் உசிர். வாக்காட்டித்தான் பிழை."

அப்படித்தான் முடிவாயிற்று. போடியாரைத் திருத்த முடியாது, காரைத் திருத்தலாம். அவர் பிழையே சரியாகிவிடும்படி ஒரு காரை மாற்றிவிடுவது. இதைவிடப் பெரிய மரியாதை எந்த வேலைக்காரன் எந்த எசமானுக்குச் செய்திருப்பான்? அப்பா அதைப் புத்தி என்று நினைத்தார். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

வெண்கலம் எங்கே கிடைக்கும்? சண்டைக் காலத்தில் ஓட்டைச் செம்புக்கும் கிராக்கி. எங்கள் வீட்டில் வெண்கலத்தில் இருந்தது ஒன்றே ஒன்று, அம்மாவின் வட்டா. வெற்றிலை வைத்துக் கொடுக்கிற, கால் வைத்த தட்டம். எங்கள் பகுதியில் வட்டா இல்லாத வீட்டுக்கு ஆள் வந்தால் அந்த வீட்டுக்கு முகமில்லை. அம்மாவின் தாய் கொடுத்தது. மூன்று ஊர் மாறியபோதும் அம்மா அதைப் புடைவைக்குள் சுற்றித் தலையில் வைத்தே வந்தாள். விளிம்பில் ஒரு இடத்தில் நசுங்கியிருக்கும். நான் நடக்கப் பழகியபோது பிடித்து விழுத்தியதாம்.

அம்மா அன்று வட்டாவைப் புளி போட்டுத் துலக்கினாள். உருக்கப்போகிற சாமானை எதற்குத் துலக்க வேண்டும் என்று காக்காவே கேட்டார். "அழுக்கோட குடுக்க ஏலுமா?" என்றாள். துடைத்து அவர் சாக்கில் வைத்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் வெற்றிலையைத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்தோம். ஆட்கள் எடுக்காமல் பேசிவிட்டுப் போவார்கள்.

பட்டணத்தில் ஒரு கன்னாரிடம் கொடுத்து உருக்கி, கயிறு இழுத்துச் சுற்றும் கடைசல் பட்டறையில் கடைந்து, இரண்டு கிழமை கழித்துக் காக்கா கொண்டுவந்தார். பழஞ்சீலைக்குள் ஆறு குழல். மஞ்சளாக, பொம்மைக்குப் போடும் வளையல்போல. ஒவ்வொன்றிலும் எண்ணெய் இறங்க ஒரு துளை, உள்ளே எண்ணெய் ஓட அரத்தால் இழைத்த ஒரு பள்ளம். "இது போடியார்ட வாசல்" என்று துளையைக் காட்டிச் சிரித்தார் காக்கா. அப்பா சிரிக்கவில்லை.

பூட்டுகிற வேலை ஒரு முழுப்பகல். பின்பக்கத்தைத் தென்னங்குற்றியால் நெம்பி உயர்த்தி, அச்சுக்கு அடியில் உரலைக் கவிழ்த்து வைத்தார்கள். பழைய ஊசிகள் துருப்பிடித்து வர மறுத்தன. காக்கா சுத்தியலால் அடித்து, ஏசி, பிறகு செல்லங்கொஞ்சி, பிறகு மறுபடி ஏசினார். மூன்றாவது ஊசி வந்தபோது வில் நழுவி அப்பாவின் மணிக்கட்டில் இறங்கியது. வீங்கிவிட்டது. அம்மா மஞ்சள் பற்றுப் போட்டாள். மறுபடி உள்ளே போனார். நான் அடியில் ஊர்ந்துபோய்ப் பார்த்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆறாவது புஷ் இறுகி உள்ளே போகும்போது ஒரு சத்தம் வந்தது. போத்தலுக்குத் தக்கை போடுவதுபோல. காக்கா சக்கரத்தைப் பிடித்து உலுப்பினார். அசையவில்லை. "அடிச்சாலும் ஆடாது" என்றார்.

ஆடவில்லை. முதல் ஓட்டத்திலேயே எனக்குத் தெரிந்தது. ஊர்க் குளத்தின் அணைக்கட்டு வழியே கார் நூல் பிடித்ததுபோலப் போயிற்று. சவாரி கொஞ்சம் முரடாகிவிட்டது, உள்ளே இருப்பவர்களைத் தூக்கித் தூக்கிப் போடும். போடியார் அதைக் கவனிக்கவில்லை. பாதையில் இரண்டு பலகையிலும் ஒரு விரற்கடை பிசகாமல் ஏறியது. பாதைக்காரர்கள் கை தட்டினார்கள். தேருக்குப் போடியார் பெண்சாதியோடு, இரண்டு மகள்மாரோடு போய் வந்தார். இறங்கும்போது அப்பாவின் தோளில் தட்டினார்.

"பாத்தியா? நான் வாயை மணந்த அண்டைக்கே விட்டுட்டான். ஆம்புளை."

அதைத்தான் நாங்கள் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. கார் ஆடிக்கொண்டிருந்தவரை அப்பா குடிகாரர் என்பது போடியாரின் சந்தேகம். கார் நேரானதும் அது நிரூபணம் ஆகிவிட்டது.

அதன் பிறகு மூன்று மாதம் போடியார் ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தார். அவருக்கு அவ்வளவு சந்தோசம். ஒரு மனிதனைத் தான் காப்பாற்றினேன் என்று உண்மையாகவே நம்பினார். எங்களுக்கு நெல் கூட்டித் தந்தார். அம்மாவுக்குச் சீலை. வேறு போடிமார் தங்கள் குடிகார வேலைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அப்பாவை முற்றத்துக்குக் கூப்பிட்டு நிறுத்துவார்கள். "பாருடா, இவனப் போலத் திருந்து." கள்ளு மணக்க நிற்கிற அந்த மனிதர்கள் அப்பாவைப் பார்ப்பார்கள். அப்பா நிலத்தைப் பார்ப்பார். ஒருவன் மெல்லக் கேட்டானாம், "எப்பிடி அண்ணே விட்ட நீ? கை நடுங்கல்லையா?" வெள்ளிக்கிழமைகளில் போடியார் வழக்கம்போல் அடியில் படுத்து எண்ணெய் ஊற்றினார். எண்ணெய் அம்மாவின் வட்டாவுக்குள் இறங்கியது.

பள்ளிக்கூடத்தில் தாரா போய் வேறு பெயர் வந்தது. அதை இங்கே சொல்ல விருப்பமில்லை.

சோதனையில் நான் மூன்றாவதாக வந்திருந்தேன். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடம் மனப்பாடம். அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் மதுவிலக்குக் கூட்டம் வைத்தார்கள். தலைமை வாத்தியார் போடியாரைப் பேச அழைத்தார். போடியார் நன்றாகத்தான் பேசினார். முடிவில் என்னை எழும்பச் சொன்னார்கள். நான் சொல்ல வேண்டியதை வாத்தியார் முதல் நாளே எழுதிக் கொடுத்து, மூன்று தடவை ஒப்புவிக்கச் செய்திருந்தார். 'என் தந்தையைக் குடியிலிருந்து மீட்டெடுத்த போடியார் அவர்களுக்கு எம் குடும்பத்தின் நன்றி.'

என் தந்தையை என்பது வரைக்கும் சொன்னேன். பிறகு நாக்கு வேறு பக்கம் போய்விட்டது.

"எங்கட அப்பா குடிக்கல்ல. அது ரப்பர் புஷ். போடியார்தான் வெள்ளிக்கு வெள்ளி இலுப்பெண்ணெய் வாத்தவர். ரப்பர் கரைஞ்சு போய்த்து. அதுதான் கார் ஆடின. எங்கம்மாட வட்டாவ உருக்கித்தான் புஷ் போட்ட."

பிறகு எங்கேயோ பின்னால் ஒரு ஆள் சிரித்தான். யார் என்று தெரியாது. அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை வேறு மாதிரி நடந்திருக்கும். போடியார் மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கொட்டிலுக்கு வந்தார். தனியாக வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

"உண்ட மகள் சொன்னது மெய்யா?"

அம்மா கிடுகுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தாள். "சின்னப் புள்ள போடியார். விளங்காமக் கதைச்சிட்டாள். வாயில சூடு வைக்கிறன்."

"நீ பேசாம இருகா. இவன் சொல்லட்டும்." அப்பாவைப் பார்த்தார். "அவள் பொய் சொன்னவளா?"

ஒரு சொல் போதும். ஓம், பொய்தான் என்றால் போதும். எனக்கு அடி விழும். வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்பேன். திங்கட்கிழமை ஐந்தாம் வகுப்பு. அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவர் ஓம் என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் அந்த நேரம் எனக்கு இருந்தது.

"இல்ல போடியார்" என்றார் அப்பா.

போடியார் காரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தினை வெள்ளிக்கிழமை பாய் புடிச்சிக்கிட்டு நிண்ட நீ" என்றார். "ஒரு நாள் சொல்லியிருக்கலாமே. மூணு மாசம் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேனே. நீயும் பக்கத்தில நிண்ட."

எனக்கு இத்தனை வயதாகியும் அதற்குப் பதில் கிடைக்கவில்லை. போடியார் எங்களைத் தண்டித்தார் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. பின் சீட்டில் இருந்துகொண்டு முன்னால் அந்தப் பிடரியை ஒவ்வொரு நாளும் பார்க்க அவரால் முடிந்திருக்காது. அவ்வளவுதான். ஒரு கிழமைக்குள் இடத்தைக் காலி செய்யும்படி சொல்லி அனுப்பினார். சாமான் ஏற்ற வண்டியும் மூன்று மூடை நெல்லும் தந்தார்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு விடுகைப் பத்திரம் கேட்க யாரும் போகவில்லை. அதன் பிறகு நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை.

வண்டியில் போகும்போது அம்மா என்னோடு பேசவில்லை. அப்பா முன்னால் இருந்தார். ஆற்றைக் கடந்து கிழக்கே எழுவான்கரையில் ஏறிய பிறகு திரும்பாமலே கேட்டார்.

"கூட்டத்தில என்ன சொன்ன நீ?"

அவர் அந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கவில்லை, ஊரார் வாயால்தான் கேட்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பயந்து பயந்து சொன்னேன். கேட்டுக்கொண்டு வந்தார். கொஞ்சத் தூரம் போனதும், "மறுகா சொல்லு" என்றார்.

"இன்னும் கேக்கணுமா?" என்றாள் அம்மா. "கொட்டில் போனது காணாதா?"

"நீ சொல்லு புள்ள."

மறுகா சொன்னேன்.

வடக்கே போகும் வழியில், லொறிகள் நிற்கும் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் வண்டி நின்றது. ஆறேழு சாரதிமார் இருந்தார்கள். சிலருக்கு அப்பாவைப் பழைய லொறிக் காலத்திலிருந்து தெரியும். படுவான்கரைச் செய்தி ஆற்றைக் கடந்து எங்களுக்கு முன்னமே வந்திருந்தது. "என்ன, போடியார்ட்டத் திருந்தின ஆளா? தேத்தண்ணி குடிப்பியா, இல்ல அதுக்கும் சத்தியமா?" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

அப்பா என்னைத் தோளில் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"இவளிட்டக் கேளுங்க" என்றார்.

நான் சொன்னேன். சிரித்தவன் நிறுத்தினான். மூலையில் இருந்த வயதான சாரதி ஒருவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ரப்பர் புஷ்ஸுக்கா எண்ணெய்?"

"ஓம்."

"எத்தினை வரியம்?"

"ரெண்டு வரியம், வெள்ளிக்கு வெள்ளி."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"புஷ் இல்லாத அந்தக் காரை, அந்த அணைக்கட்டில, அந்தப் பாதைப் பலகையில, அவ்வளவு நாளும் ஆத்துக்க விடாம ஓட்டினது ஆரு?"

நான் அப்பாவைக் காட்டினேன்.

அவர் வாங்கில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அப்பாவுக்கு இடம் விட்டார்.